எத்தனை கன்று என்று கேட்பதை நிறுத்துங்கள்

அருகிவரும் தாவரங்களைக் காக்க நிதி ஒதுக்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், அந்த நிதியில் இயங்கும் திசு வளர்ப்பு ஆய்வகங்களின் இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் கேட்டு வாங்கும் ஆண்டறிக்கைகளில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: இந்த ஆண்டு எத்தனை கன்றுகள் உற்பத்தி செய்யப்பட்டன? திசு வளர்ப்பு மேசையில் கத்தியும் இடுக்கியும் பிடித்து வேலை செய்பவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கட்டத்தில் பெரிய எண்ணை எழுதுவது எங்களுக்கு மிக எளிது. அந்த எளிமைதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. அந்த ஒரு கேள்வி, காப்பாற்றச் சொல்லி எங்களிடம் ஒப்படைத்த செடிகளுக்கே கேடாக முடிகிறது.

எண் எப்படிப் பெருகுகிறது என்று முதலில் சொல்கிறேன். செடியின் ஒரு கணுவையோ நுனிமொட்டையோ வெட்டி, கிருமி நீக்கி, உப்புகளும் சர்க்கரையும் சேர்ந்த, அகார் கூழால் ஆன வளர்ப்பு ஊடகத்தில் வைக்கிறோம். தாவர வளர்ச்சி ஊக்கிகளில், ஆக்சினைவிடச் சைட்டோகைனின் மிகுந்தால் துளிர் வரும், ஆக்சின் மிகுந்தால் வேர் வரும் என்று 1957இல் ஸ்கூகும் மில்லரும் புகையிலைத் திசுவில் காட்டினார்கள். 1962இல் முராஷிகியும் ஸ்கூகும் வெளியிட்ட ஊடகமும் புகையிலைத் திசுவுக்காக உருவானதே. எந்தப் புதுச் செடி வந்தாலும் இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் அதில்தான் முதலில் வைத்துப் பார்க்கிறோம். செடி இணங்கிவிட்டது என்று வையுங்கள். நான்கு வாரத்தில் ஒரு துளிர் நான்காகிறது. அவற்றைப் பிரித்துப் புது ஊடகத்துக்கு மாற்றுகிறோம். பன்னிரண்டு முறை இப்படி நடந்தால் கணக்குப்படி 1,67,77,216 துளிர்கள். தொற்று, கருகல், இட நெருக்கடி எல்லாம் கழித்தால் இதில் சிறு பங்குதான் மிஞ்சும். அந்தச் சிறு பங்கே அறிக்கையில் கம்பீரமாக நிற்கும்.

ஆனால் அத்தனையும் ஒரே செடி. ஒரே பக்கத்தை லட்சம் படி எடுத்து அடுக்கினால் நூலகம் ஆகிவிடாது.

தென்னாப்பிரிக்காவின் ஓங்கோயே காட்டில் 1895இல் ஜான் மெட்லி வுட் பனைபோல் தோன்றும் ஒரு சைக்கட் வகை மரத்தைக் கண்டார். பிறகு அவர் பெயராலேயே அது என்செஃபலார்டோஸ் வுடியை ஆனது. அது ஆண் மரம். அதன் பக்கக்கன்றுகள் இன்று உலகின் பல தாவரவியல் பூங்காக்களில் நன்றாக வளர்ந்து கூம்பு விடுகின்றன. பெண் மரம் ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை. கன்று எண்ணிக்கை மட்டும் கேட்கும் அறிக்கையில் இந்த இனம் வெற்றிக் கதையாகவே பதிவாகும். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் தன் இனத்தில் ஒரு விதைகூட உருவாக்க முடியாத மரம் அது.

இதன் எதிர்ப்பக்கமும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரோட்ரிக்ஸ் தீவில், அழிந்துபோனதாக எழுதிவைத்துவிட்ட ராமோஸ்மேனியா ரோட்ரிகேசி என்ற செடியை 1980 வாக்கில் ஒரு பள்ளி மாணவன் கண்டெடுத்தான். மிஞ்சியிருந்தது ஒரே ஒரு செடி. 1986இல் அதன் கிளைத் துண்டுகள் லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போயின. துண்டு வேர் பிடித்தது, பூத்தது, அதிலிருந்து மேலும் செடிகள் வந்தன. ஆனால் காய்க்கவில்லை. எண்ணிக்கையோடு நிறைவடைந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்கலைஞர் விடாமல் முயன்று 2003இல் அதை விதை பிடிக்க வைத்தார். அந்த விதைகள் தீவுக்குத் திரும்பின. பல ஆண்டுகள் கையில் இருந்த படிகளைவிட, முதல் சில விதைகள்தான் அந்த இனத்துக்கு மறுபடி ஓர் எதிர்காலத்தைத் தந்தன. விதையில் மரபு புதிதாகக் கலைந்து சேர்கிறது. ஒரே தாய்ச்செடியின் விதையில்கூட இது நடக்கும். குடுவையில் துளிரைப் பிரிக்கும்போது நடக்காது.

உலக அளவிலான இலக்குகளே எண்ணிக்கையைப் பார்க்கும் பார்வையோடுதான் எழுதப்பட்டிருந்தன. உலகத் தாவரப் பாதுகாப்பு உத்தியின் எட்டாவது இலக்கு, அச்சுறுத்தலில் உள்ள தாவர இனங்களில் குறைந்தது 75 விழுக்காடு 2020க்குள் அவற்றின் வாழிடத்துக்கு வெளியே ஒரு சேகரிப்பில் இருக்க வேண்டும் என்றது. குறைந்தது 20 விழுக்காடு மீட்புக்கும் மறுநடவுக்கும் கிடைக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரு பூங்காவின் ஒரு தொட்டியில் ஒரு செடி இருந்தாலே அந்த இனம் சேகரிப்பில் இருப்பதாகக் கணக்குக் காட்டிவிடலாம்.

இனி, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கன்று எண்ணிக்கையைக் கேட்பது மரபு வேறுபாட்டைக் கவனிக்காமல் விடுவதோடு நிற்பதில்லை. அதை அழிக்கவும் செய்கிறது. இருபது தாய்ச்செடிகளிலிருந்து கணுக்கள் எடுத்து வந்தோம் என்று வையுங்கள். எல்லாம் ஒரே மாதிரி பெருகாது. சில வேகமாகத் துளிர்க்கும். சில இரண்டு மாதம் அசையாமல் இருக்கும். சிலவற்றில் வெட்டிய இடம் கறுத்து ஊடகத்தையும் கறுப்பாக்கும். அலமாரியில் இடம் குறைவு, ஊடகம் ஊற்ற ஆள் குறைவு, ஆண்டு முடிவில் எண் காட்ட வேண்டும். எந்தக் குடுவைகள் தொடரும், எவை குப்பைக்குப் போகும்? மந்தமான வரிசைகள், அதாவது மெதுவாகப் பெருகும் ஒரு தாய்ச்செடியிலிருந்து வந்த குடுவைகள், முதலில் போகும். சில சுற்றுகளில் அலமாரி முழுக்க இரண்டு மூன்று தாய்ச்செடிகளின் பிள்ளைகளே நிற்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதல்ல. கேள்வி அப்படி, அதனால் வேலையும் அப்படி ஆகிறது. குடுவையில் மந்தமாக இருந்த அந்த வரிசையில்தான் வறட்சியையோ ஒரு நோயையோ தாங்கும் மரபு இருந்திருக்குமா என்று பிறகு தேட வழியே இல்லை.

எண்ணைக் கூட்டச் சைட்டோகைனினைக் கூட்டுவதும் இப்படித்தான். அளவு மீறினால் துளிர்கள் நீர் கோத்து, கண்ணாடிபோல் பளபளத்து, தொட்டால் நொறுங்கும். காலஸ் என்ற உருவமற்ற செல் திரள் வழியே பெருக்கினாலோ, ஒரே வரிசையை ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றி ஓட்டினாலோ, மரபிலேயே மாற்றங்கள் சேரக்கூடும். 1981இல் லார்கினும் ஸ்கௌகிராஃப்டும் இதற்குச் ‘சோமாகுளோனல் வேறுபாடு’ என்று ஒரு பெயரே சூட்டினார்கள். பயிர் மேம்பாட்டாளருக்கு அந்த மாற்றம் புதையலாக அமையலாம். ஓர் இனத்தை இருப்பது இருப்பதாகவே காக்க வந்தவர்களுக்கு அது இழப்பு. அதனால் அருகிய இனங்களில் கணுவும் நுனிமொட்டும் போன்ற ஏற்கெனவே உருவான மொட்டுகளிலிருந்தே பெருக்குவது பாதுகாப்பானது. அதில் எண் சற்றுக் குறையும். குறையட்டும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது தாய்ச்செடிகளைப் பற்றி. எத்தனை தாய்ச்செடிகள், எத்தனை வெவ்வேறு வாழிடங்களிலிருந்து, இன்று அவற்றில் எத்தனை வரிசைகள் உயிரோடு தனித்தனியாக இருக்கின்றன? விதை சேகரிப்போர் ஓர் இடத்தில் ஐம்பது தாய்ச்செடிகள் வரை எடுக்கும் வழக்கத்தை நெடுநாளாக வைத்திருக்கிறார்கள். அருகிய இனத்தில் மொத்தமே அத்தனை இல்லாமல் போகலாம். அப்போது இருப்பவை அனைத்திலிருந்தும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் சேகரித்த இடம், நாள், தாய்ச்செடி எண், எத்தனையாவது ஊடக மாற்றம் என்பவை குடுவையிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து காட்டுக்கும் கூடவே போக வேண்டும். பெயர்ச்சீட்டு சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: அமெரிக்கச் செஸ்ட்நட் மரத்தை நோய் தாங்கும்படி மரபு மாற்றி மீட்கும் நெடுங்கால முயற்சியில், பல ஆண்டுகள் சோதித்து வந்த மரங்கள் எண்ணியிருந்த வரிசை அல்ல, வேறொரு வரிசை என்பது 2023இல் வெளிப்பட்டது. எத்தனையோ பேரின் உழைப்பை ஒரு பெயர்க் குழப்பம் உலுக்கியது.

அடுத்து மண். இங்கேதான் அதிகச் செடிகளை இழக்கிறோம், அறிக்கைகளும் இங்கேதான் வாயடைத்துப் போகின்றன.

குடுவைக்குள் வளரும் கன்று வெயில் காணாதது, காற்று காணாதது. காற்றில் ஈரம் நிறைந்தே இருப்பதால் அதன் இலைத்துளைகள் மூடப் பழகியிருக்காது. இலையின் மேல் மெழுகுப் படலம் மெலிதாக இருக்கும். உணவு சர்க்கரையாக ஊடகத்திலிருந்தே வருவதால் ஒளிச்சேர்க்கை அரைகுறை. அகாரில் வந்த வேர்களில் பெரும்பாலும் வேர்த்தூவிகள் இருக்காது. தண்டோடு அவற்றின் இணைப்பும் பலவீனமாக இருக்கும். இப்படிப்பட்ட ஒன்றை வெளியே எடுத்தால் ஒரே பகலில் வாடிவிடும். அதனால் அகாரைக் கழுவி, பூஞ்சை பிடிக்காத கலவையில் நட்டு, மூடி போட்டு, நாளுக்கு நாள் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குகிறோம். இந்தப் பழக்குதலில் எத்தனை விழுக்காடு பிழைத்தது என்பதோடு எங்கள் துறையின் பல கட்டுரைகள் முடிந்துவிடுகின்றன. காட்டில் நட்டபின் என்ன ஆயிற்று? முதல் கோடையைத் தாண்டியதா? பூத்ததா? காய்த்ததா? அதன் விதை விழுந்த இடத்தில் ஒரு நாற்றாவது எழுந்ததா? இதற்குப் பதில் தரும் கட்டுரைகள் அரிது, ஏனென்றால் அந்தப் பதில் வரும் முன் நிதி முடிந்துவிடுகிறது.

எவ்வளவு காலம் வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தின் சீமாட்டிச் செருப்பு ஆர்க்கிடைப் பாருங்கள். சைப்ரிபீடியம் கால்சியோலஸ் அதன் அறிவியல் பெயர். அழகுக்காகத் தோண்டித் தோண்டியே தீர்த்துவிட்டார்கள். அழிந்ததாக எண்ணியிருந்தபோது 1930இல் யார்க்ஷயரில் ஒரே ஒரு செடி கிடைத்தது. இடத்தை வெளியே சொல்லாமல் பல பத்தாண்டுகள் காவல் காத்தார்கள். ஆர்க்கிட் விதை தூசியளவு, உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சை அதற்கு ஊட்ட வேண்டும். பூஞ்சை இல்லாமலேயே சர்க்கரை ஊடகத்தில் ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்கலாம் என்று 1922இல் லூயிஸ் நட்சன் காட்டியிருந்தாலும், நிலத்தில் வாழும் இந்த வகை எளிதில் மசியவில்லை. 1983இல் கியூவில் தொடங்கிய திட்டம் இதைக் கற்றுத் தேர்ந்தது. ஆய்வகத்தில் முளைத்த நாற்றுகள் வெளியே நடப்பட்டன. அப்படி நட்டவற்றில் முதல் செடி பூத்தது 2000இல். மறுநடவு செய்த ஓர் இடத்தில் மனிதர் கைபடாமல், தானாக விழுந்த விதையிலிருந்து ஒரு புதிய செடி எழுந்தது அண்மையில்தான். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்! என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு நாற்றுதான் அந்தத் திட்டத்தின் முதல் உண்மையான விளைச்சல்.

இப்போது உங்கள் ஒதுக்கீட்டு விதிகளைப் பாருங்கள். மூன்று ஆண்டுத் திட்டம். முதல் ஆண்டு செடியைத் தொற்றில்லாமல் குடுவைக்குள் கொண்டுவரவே போய்விடும். இரண்டாம் ஆண்டு பெருக்கம். மூன்றாம் ஆண்டு அறிக்கை. நடவு என்பது நிழற்படம் எடுக்கும் ஒரு நாளாக நடுவில் எங்கோ வந்து போகும். பத்தாண்டு நிதி கேட்டால் யாரும் தர மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் வேறொன்று கேட்கிறேன். ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே பிரித்துத் தனியே வையுங்கள். நட்ட ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் யாராவது போய் எண்ணி எழுதுவதற்கு மட்டும் அது செலவாகட்டும். அந்த எண்ணிக்கை பூஜ்ஜியமாக இருந்தாலும் வெளியிடுங்கள். எது சாகிறது, எங்கே சாகிறது என்று தெரியாமல் அடுத்த ஆய்வகமும் அதே கன்றை அதே மண்ணில் நட்டுக்கொண்டிருக்கிறது.

காட்டைக் காத்தால் போதும், ஆய்வகம் வீண் செலவு என்று வாதிடுவோர் சிலர் இந்த மடலைத் தங்களுக்குச் சாதகமாகப் படிக்கக்கூடும். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மிர்ட்டில் துரு என்ற பூஞ்சை நோய் 2010இல் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்டது. ரோடோமிர்டஸ் சிடியாய்டஸ் என்ற மரத்தை அது தாக்கிய விதம் கொடூரமானது. புதுத் துளிர், பூ, காய் எல்லாவற்றையும் அது பற்றுகிறது. பெரிய மரங்கள் மடிந்தன. வேரிலிருந்து எழுந்த துளிர்களும் கருகின. காடு அங்கேயே இருக்கிறது, வேலி போட்டும் காக்கலாம், ஆனால் பூஞ்சைக்கு வேலி தெரியாது. விதை கிடைப்பதே அரிதாகிவிட்ட அந்த மரத்தின் திசுவைத் தொற்றில்லாமல் எடுத்து உள்ளே வைத்திருப்பது அங்கே கடைசி வழி. ஹவாயின் கோக்கியா குக்கியை இன்னொன்று. 1978இல் மிஞ்சியிருந்த ஒற்றை மரம் தீயில் போனபோது, அதன் ஒரு கிளை மட்டும் மீட்கப்பட்டு, நெருங்கிய உறவான வேறொரு கோக்கியா மரத்தில் ஒட்டுக் கட்டப்பட்டதால்தான் அந்த இனம் பிழைத்தது. காடும் வேண்டும், ஆய்வகமும் வேண்டும். ஆய்வகம் எதைச் சாதித்தது என்று அளக்கும் கோல்தான் மாற வேண்டும்.

சேமிப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கோரிக்கை அரைகுறையாகிவிடும். விதையை உலர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் வைப்பதே மலிவான, நம்பகமான முறை. விதை வங்கியில் வைக்க முடிகிற இனத்தைக் குடுவையில் ஓட்டிக்கொண்டிருப்பது, என் கருத்தில், பணத்தையும் மரபையும் ஒருசேர வீணாக்குவது. ஆனால் எல்லா விதையும் உலர்த்தலைத் தாங்காது. ஓக், மா, தென்னை போன்றவற்றின் விதைகள் காய்ந்தால் செத்துவிடும். 2018இல் வெளியான ஓர் ஆய்வின் கணிப்பு என்னை இன்னும் தூங்கவிடாதது: மிக அபாய நிலையில் உள்ள தாவர இனங்களில் 36 விழுக்காடு இப்படி உலர்த்த முடியாத விதை கொண்டவை, அவற்றை வழக்கமான விதை வங்கியில் வைக்கவே முடியாது. யாருக்கு உதவி மிக அவசரமோ அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அந்த வாசல் அடைபட்டிருக்கிறது.

அவர்களுக்கான வாசல் உறைகுளிர் சேமிப்பு. மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனுக்குள் உயிர்வேதி வினைகள் ஏறத்தாழ நின்றுவிடுகின்றன. மாதாமாதம் ஊடகம் மாற்ற வேண்டாம், மரபு மாற்றங்கள் சேரவும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆபத்து போகும் வழியிலும் வரும் வழியிலும்தான். செல்லுக்குள் இருக்கும் நீர் பனிப்படிகமானால் சவ்வுகளைக் கிழித்துவிடும். அதனால் மில்லிமீட்டர் அளவுள்ள நுனிமொட்டைப் பிரித்தெடுத்து, சர்க்கரை மிகுந்த ஊடகத்தில் பழக்கி, கிளிசரால், எத்திலீன் கிளைக்கால், டிஎம்எஸ்ஓ என்ற உறைகாப்பு வேதிப்பொருள், சர்க்கரை சேர்ந்த அடர்கரைசலில் நீரை வெளியேற்றி, சட்டென்று நைட்ரஜனில் அமிழ்த்துகிறோம். நீர் படிகமாகாமல் கண்ணாடிபோல் இறுகிவிடும். 1960இலேயே குளிருக்குத் தயாராகியிருந்த மரக்கிளைத் துண்டுகள் திரவ நைட்ரஜனில் உயிர் பிழைப்பதைக் காட்டிய அகிரா சகாயின் குழுதான் 1990இல் இந்தக் கரைசலையும் தந்தது. கரைசலில் ஐந்து நிமிடம் குறைந்தால் பனி கொல்லும், ஐந்து நிமிடம் கூடினால் நஞ்சு கொல்லும். அந்த நேரம் இனத்துக்கு இனம் மாறும், சில வேளை ஒரே இனத்தில் வரிசைக்கு வரிசையும் மாறும்.

பெல்ஜியத்தின் லூவனில் 1,600க்கும் மேற்பட்ட வாழை வகைகளைக் குடுவையில் காத்து, அவற்றில் பெரும் பங்கைத் திரவ நைட்ரஜனுக்குள்ளும் வைத்திருக்கிறார்கள். முறை வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. வாழைக்கு அது கிடைத்தது, அதற்காகப் பலர் பல்லாண்டு உழைக்க நிதி கிடைத்ததால். யாரும் விற்காத, யாரும் தின்னாத ஒரு காட்டு மரத்துக்கு அந்த உழைப்பைக் கொடுக்க உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. இந்த வேலையில் கன்று எண்ணிக்கை ஏறாது. மாறாக, ஆண்டு முழுக்க நூற்றுக்கணக்கான மொட்டுகளைக் கொன்றுதான் சரியான நேரத்தைக் கண்டுபிடிப்போம். எண் கேட்கும் படிவம் இருக்கும்வரை எந்த இயக்குநரும் துணிந்து இதற்கு ஆள் ஒதுக்க மாட்டார்.

இயக்குநர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. நைட்ரஜன் கலத்தில் வைத்ததோடு வேலை முடிந்ததாகப் பதிவேட்டை மூடாதீர்கள். ஒவ்வொரு வரிசையிலும் சில மொட்டுகளை வெளியே எடுத்து, வெப்பப்படுத்தி, முழுச் செடியாக மீள்கிறதா என்று பார்த்தபின்பே அது சேமிப்பில் இருப்பதாக எழுதுங்கள். இன்னொரு ஊரில், இன்னொரு மின்தடத்தில், இன்னொரு நைட்ரஜன் வழங்குநரிடம் வாங்கும் ஓர் இடத்தில் மறுபடி ஒன்றை வையுங்கள். குளிர்சாதனம் நின்ற ஒரு வாரக் கடைசி போதும், குடுவையில் மட்டும் இருந்த ஓர் இனத்தின் பாதி வரிசைகளை இழக்க.

கடைசியாக, இந்த வேலையைச் செய்யும் கைகளைப் பற்றி. எந்தச் செடியின் மொட்டை எந்த மாதத்தில் எடுத்தால் தொற்று குறையும், எந்த இலைச்சுருளுக்குள் பூஞ்சை ஒளிந்திருக்கும், எந்த வரிசை மந்தமாக இருந்தாலும் மூன்றாம் மாதம் துளிர்க்கும் என்பதெல்லாம் எந்தக் கட்டுரையிலும் இல்லை. ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்து போகும் ஆய்வகப் பணியாளர்களின் விரல்களிலும் குறிப்பேடுகளிலும் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து ஒருவர் போகும்போது ஓர் இனத்தைப் பெருக்கும் அறிவு அவரோடு போய்விடுகிறது, அடுத்து வருபவர் புகையிலை ஊடகத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார். அவர்களுக்கு நிலையான வேலை கொடுங்கள். தோற்ற முயற்சிகள் உட்பட அவர்கள் எழுதிய குறிப்பேடுகளை எல்லா ஆய்வகங்களும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். இதற்கான தொகையை அடுத்த ஒதுக்கீட்டிலேயே, உபகரணத் தலைப்பின் கீழ் மறைத்து வைக்காமல், பணியாளர் ஊதியம் என்ற பெயரிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
திசு வளர்ப்பு ஆய்வகப் பணியாளர் ஒருத்தி